இல்ஹாம் கடைக்குப் பக்கத்தில்

"திருகோணமலைத் துறைமுகம் வற்றினாலும் வற்றும், நான் உள்ளூர்க் கடையை விட்டு வேறெங்கும் ஒரு பந்துகூட வாங்கமாட்டன்!"

பட்மின்டன் கழகக் கூட்டத்தில் சசிகரன் கதிரையை விட்டு எழுந்து முழங்கியது இது. வாசகரே, 'ஊர்க்கடைக் காவலர்' என்னும் இனத்தை அடையாளம் காண இந்த ஒரு முழக்கம் போதும்.

கொரோனாவுக்கு முன்பும் இந்த இனம் இருந்தது. அப்போது அதற்குக் கடையில் வாங்கும் பழக்கமும் இருந்தது. ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த சசிகரன், ஸ்கிப்பிங் கயிறு, டம்பெல், யோகா விரிப்பு, வயிற்றைக் குறைக்கும் பட்டி என்று எல்லாவற்றையும் போனில் தட்டியே வரவழைக்கப் பழகினார். ஊரடங்கு நீங்கியது. விரல் அடங்கவில்லை. வயிறும் குறையவில்லை.

அதற்காகக் காவலர் கடமை தவறுவாரா? சனிக்கிழமை தோறும் இல்ஹாம் நானாவின் விளையாட்டுப் பொருள் கடைக்குப் போவார். ராக்கெட்டைக் காற்றில் வீசுவார், நரம்பை நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார், இல்ஹாம் தரும் பிளேன்டீயைக் குடிப்பார், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடையின் நீளத்துக்கு நாலு தரம் நடந்து, இரண்டு தரம் துள்ளி, அளவு தெரியப் படமும் எடுப்பார்.

"எட்டு கச்சிதம், நானா. வீட்டில ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாறன்."

"ஓம் தம்பி, கேட்டுட்டு வாங்க."

வீட்டில் யாரிடம் கேட்டார்? போனிடம்தான். இப்படி இன்னும் முப்பது காவலர்கள் வந்து துள்ளினார்கள். மேசையின் காசு லாச்சி மட்டும் திறபடவில்லை.

நம் ஊரில் வீட்டு இலக்கத்தை நம்பி எந்தப் பார்சல்காரர் வந்திருக்கிறார்? ஆகவே சப்பாத்து ஆர்டரிலும் முகவரிக்குக் கீழே சசிகரன் வழக்கம்போல் எழுதினார்: 'இல்ஹாம் கடைக்குப் பக்கத்தில்.' புதிதாக வந்த பார்சல்காரருக்கு வீடு தெரியவில்லை. கடை தெரிந்தது. பெட்டியை அங்கேயே கொடுத்துவிட்டு, போனில் தகவலும் சொல்லிவிட்டுப் போனார்.

சசிகரன் வந்தபோது வாசலில் 'கடை வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது. மேசையில் பெட்டி. இல்ஹாம் பிளேன்டீயை நீட்டினார்.

"மாசக் கடைசியோட பூட்டுறன் தம்பி. சப்பாத்து வந்திருக்கு. எட்டுத்தான், மேல போட்டிருக்கு."

"என்ன நானா இது! உங்கட கடை இல்லாட்டி நாங்க எங்க போறது?"

"நீங்க எங்கயும் போகத் தேவையில்லையே. பார்சல்காரனுக்குத்தான் கஷ்டம். இனி அவனுக்கு என்ன அடையாளம் சொல்லுவீங்க?"

சசிகரன் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கினார். படி இறங்கும்போதே போனை எடுத்து, எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து, எதையோ திருத்தினார்.

துறைமுகத்தில் ஒரு சொட்டுக்கூட வற்றவில்லை.

சரி, உங்கள் பார்சல் எந்தக் கடைக்குப் பக்கத்தில் வருகிறது?