குளிருக்கு ஆகாத கார்

அந்தத் தை மாதம் நான் ஒரு மகத்தான முடிவெடுத்தேன். நுவரெலியாவுக்குப் போவதில்லை.

முடிவை எடுப்பது சுகம். அதை மனைவியிடம் சொல்வதுதான் பாடு. பாலேஸ்வரியின் தங்கச்சி சிவமணிக்கு அங்கே முதல் பிள்ளை பிறக்க இருந்தது. தாயில்லாத பெண். புருசனுக்குத் தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் வேலை, லீவு கிடையாது. "நான் போய் நிக்காட்டில் அவளுக்கு ஆர்?" என்று பாலேஸ்வரி கேட்பா.

ஆனால் அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, போர்க்காலம். பஸ்ஸில் ஏறினால் முதலில் சீற்றுக்குக் கீழே குண்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் இருப்போம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையால் காலி வீதிக்கு ஏறுவதற்குள்ளேயே மூன்று தரம் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பேன். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என் சிங்களம் கடையில் பாண் வாங்கக் காணும். பாணுக்குள் கல் கிடந்தால் சண்டை பிடிக்கக் காணாது. இந்த லட்சணத்தில் வழிநெடுகச் சோதனைச் சாவடிகள் தாண்டி மலையேறுவதா?

பயம் என்று மனைவியிடம் சொல்ல முடியுமா? பழியைத் தூக்கிக் காரில் போட்டேன்.

கார், கொம்பனித்தெருவில் ஜப்பான் வாகனங்கள் விற்கும் அலவி நானாவிடம் வாங்கியது. ஹைபிரிட். பாதி பெற்றோல், பாதி கரண்ட். எங்கள் குடும்பமும் அந்த வகைதான். சத்தம் போடுகிற இஞ்சின் நான். சத்தமில்லாமல் இழுக்கிற பற்றறி அவ.

"பாலேஸ், கார் மலைக்குச் சரிவராது."

"ஏனப்பா?"

"பற்றறி. குளிர் பட்டால் செத்துப்போம்."

"ஜப்பானிலை பனியே கொட்டுதாம். அங்கை ஓடினதுதானே?"

"அது காய்ஞ்ச குளிர். நுவரெலியா ஈரக் குளிர். பற்றறிக்குச் சளி பிடிக்கும்."

"பற்றறிக்கோ?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னனான்."

அவ குனிந்தபடி கீரையை ஆய்ந்துகொண்டிருந்தா.

"பகலிலை போய்ப் பகலிலை வந்தால்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "பகலெண்டால்… ஓம், சமாளிக்கலாம். ஆனால் இரவு தங்கேலாது. ஓரிரவு குளிருக்கை நிண்டுதெண்டால் கார் கதை முடிஞ்சுது."

"சரி. காலமை வெளிக்கிட்டுப் பின்னேரம் திரும்புவம். அவளை ஒருக்காக் கண்ணாலை கண்டால் எனக்குப் போதும்."

இவ்வளவு லேசாகப் பாலேஸ்வரி எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வெற்றி கண்ணை மறைத்துவிட்டது.

நாலு நாள் கழித்து, விடிந்ததும் புறப்பட்டோம். வழியில் எங்கே மறித்தாலும் பாலேஸ்வரிதான் கதைத்தா. கொட்டாஞ்சேனையில் ஒரு வங்கியில் வேலை; நாள் முழுக்கச் சிங்களத்தில் கதைத்துப் பழகின வாய். நான் அடையாள அட்டையை நீட்டுகிற வேலையை மட்டும் பார்த்தேன்.

றம்பொடை தாண்ட மூடுபனி இறங்கியது. நான் அரைக்கைச் சேட்டோடு வந்திருந்தேன். அவ சால்வையால் போர்த்து, காலுக்குச் சொக்ஸும் போட்டிருந்தா.

"இஞ்சருங்கோ, ஹீற்றரைப் போடுவமே?"

"ஐயோ, தொடாதை! பற்றறியை உறிஞ்சிப்போடும்."

"ஓ. அப்ப வேண்டாம்."

என் பல் தந்தியடிக்கத் தொடங்கியது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற விறைத்துக்கொண்டே ஓட்டினேன். அவ பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி குடித்தா. "உங்களுக்கும் தரவோ?" என்று கேட்டா. ஸ்ரியறிங்கிலிருந்து கையை எடுக்க முடியாத அளவுக்கு நடுக்கம். வேண்டாம் என்றேன்.

நுவரெலியாவுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வளைவில் மணல் மூட்டைகள். தகரக் கொட்டில். இரண்டு ஆமிக்காரர். வேறு வாகனம் ஒன்றும் இல்லை. பனிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, நிற்கச் சொன்னது.

நின்றேன்.

இளம் சிப்பாய் ஒருவன் குனிந்து பார்த்தான். அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "ஏன் நடுங்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டான். குளிர் என்பதற்குரிய சிங்களச் சொல் அந்த நேரம் பார்த்து என்னை விட்டுப் போய்விட்டது. நான் சிரித்தேன். நடுங்கிக்கொண்டு சிரிக்கிறவனை யார் நம்புவார்?

"இஞ்சினை நிப்பாட்டு."

இஞ்சின் ஓடவில்லை. நின்ற உடனேயே அது தானாக ஓய்ந்துவிட்டது. இந்தக் காரின் சுபாவம் அப்படி. ஓடாத இஞ்சினை எப்படி நிப்பாட்டுவது? கையை விரித்துக் காட்டினேன். அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. சரி, இறங்கி முன்மூடியைத் திற என்றான். இறங்கித் திறந்தேன். அவன் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான்.

அந்த நேரம் இஞ்சின் தானாக உறுமியது.

சிப்பாய் ஒரே பாய்ச்சலாகப் பின்னால் போனான். துவக்கு என் நெஞ்சுக்கு நேரே வந்தது. மற்றவன் மணல் மூட்டைக்குப் பின்னால் மறைந்து ஏதோ கத்தினான். என் இரண்டு கையும் நான் சொல்லாமலே மேலே போயின.

"யார் ஸ்ரார்ட் செய்தது?"

"மம நெவெய்," என்றேன். நானில்லை. அது போதாதென்று, "கார்!" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

தானாக ஸ்ரார்ட் ஆகிற கார். நடுங்குகிற தமிழன். அவன் விரல் துவக்கில் இருந்த இடத்தைப் பார்த்தேன். என் பெயர் நாளைப் பத்திரிகையில் எப்படி வரும் என்றுகூட யோசித்துவிட்டேன். ஸ்ரீஸ்கந்தராசா என்பதை ஒழுங்காக எழுதுவார்களோ?

"மல்லி," என்று காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

பாலேஸ்வரி. தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி. கை இரண்டையும் தெரியக் காட்டிக்கொண்டு, அவசரமில்லாமல் இறங்கினா. பிறகு சிங்களத்தில் சொன்னா. எனக்குக்கூட விளங்குகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னா.

"பயப்படாதை மல்லி. இதுக்குள்ளை பெரிய பற்றறி ஒண்டு இருக்கு. ஏற்றம் ஏறி அது களைச்சுப்போச்சு. குளிருக்குப் பற்றறி கொஞ்சம் சோம்பல்படும். இஞ்சினும் ஆறிப்போகக்கூடாது. அதுதான் கொம்பியூட்டர் தானா இஞ்சினைப் போடுது. கார் சாகாது, பெற்றோல்தான் கொஞ்சம் கூடக் குடிக்கும். இஞ்சின் சூட்டிலைதான் ஹீற்றரும் வேலை செய்யிறது. வா, வந்து பார்."

எட்டி ஹீற்றரைத் திருப்பினா. சிப்பாய் துவக்கைத் தாழ்த்தி, தயங்கித் தயங்கி வந்து கையை நீட்டினான். இளஞ்சூடான காற்று. அவன் முகம் மலர்ந்தது. "ஷோக்!" என்றான். அருமையாம். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்தவனையும் கூப்பிட்டான். இரண்டு பேரும் மாறிமாறிக் கை காய்ச்சினார்கள். நான் மட்டும் கையைத் தூக்கியபடி பனிக்குள் நின்றேன்.

"அப்ப அந்த மாத்தயா ஏன் நடுங்கிறார்?" என்று சிப்பாய் என்னைக் காட்டிக் கேட்டான்.

"அவருக்குத்தான் குளிர் ஆகாது," என்றா பாலேஸ்வரி.

கையை இறக்கலாம் என்றார்கள்.

கார் புறப்பட்டு அடுத்த வளைவும் தாண்டியது. அவ பிளாஸ்க் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்ததை அப்போதுதான் கண்டேன். ஹீற்றர் நல்லாக வேலை செய்தது. எனக்கு வேர்த்தது.

"எப்பிடித் தெரியும்?" என்று கடைசியில் கேட்டேன்.

"நீங்கள் பற்றறிக்குச் சளி எண்ட அண்டைக்கே அலவி நானாவுக்கு ரெலிபோன் எடுத்தனான்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொன்னால் காருக்கு வேற ஒரு வருத்தம் கண்டுபிடிப்பியள்." பிறகு குரலைத் தாழ்த்தினா. "உங்களுக்குப் பயமெண்டு எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். அதுக்காக அவளைத் தனிய விடேலுமே?"

ஹீற்றரை ஒரு புள்ளி குறைத்தேன்.  ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா? சிவமணி வீட்டு வாசலில் காரை நிப்பாட்டியதும் கடைசி மானத்தைக் கையில் எடுத்தேன்.

"சரி. பின்னேரம் திரும்பிறதெண்டுதான் கதை. எனக்கு மாத்த உடுப்பும் இல்லை."

சிவமணி பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கோ அத்தான்! அக்கா அனுப்பின உங்கட உடுப்புப் பெட்டி, கொழும்பாலை திரும்பின மரக்கறி லொறியிலை முந்தநாளே வந்திட்டுது. உங்கட கந்தோரிலை ரெண்டு கிழமை லீவும் சொல்லிப்போட்டாவாமே?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். எனக்கு முன்னமே வந்த என் சுவெற்றர், கட்டிலில் கையை விரித்துக்கொண்டு வசதியாகப் படுத்திருந்தது.