முதல் போணி

"கதவப் பூட்டுங்க! அந்தாள உள்ள விட்டுடாதீங்க!"

கத்தியவள் தூயெட், மின்சாரக் கார் கம்பெனியின் வெளிநாட்டு விரிவாக்கத் தலைவி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஹனோய்த் தூறலில் நனைந்தவர் தெமிர்பெக், கஜகஸ்தானிலிருந்து மொத்தமாகக் கார் வாங்க வந்தவர். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து தொலைத்துவிட்டார்.

ஏற்கெனவே இரண்டு நாடுகளில் அம்மையார் கடையைத் திறந்து மூடியாயிற்று. இதுவும் கைநழுவினால் கா மாவ் சதுப்பில் இறாலுக்குத்தான் கார் விற்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆகவே, நாளைய உலகத்தின் தொழில்நுட்பத்தை விற்கும் தூயெட் ஜோசியரிடம் ஓடினாள். புது ஷோரூமில் முதலில் காலடி வைக்கும் வெளியாள், பன்னிரண்டு மிருக வருஷங்களில் நாய் வருஷத்தில் பிறந்த ஆணாக இருக்க வேண்டும் என்றார் ஜோசியர். கான்டிராக்டர் கோவாத் நாய் வருஷம். அவரை அழைத்துவரக் கம்பெனி காரே போயிருந்தது.

"அக்கா, இவரு வயசயும் கேட்டுப் பாத்துடலாமே?" என்றாள் உதவியாளர் யூங்.

"மடச்சி! வெளிநாட்டுக்காரங்ககிட்ட வயசு கேக்கிறது அநாகரிகம்டி. சிங்கப்பூர் பயிற்சில சொல்லிக் குடுத்தாங்க. எதிர்ல ஹியென் இப்பத்தான் கடை திறக்குறா, போய் அவருக்கு ஃபோ நூடுல்ஸ் சூப்பு வாங்கிக் குடு."

வயது கேட்ட பிறகே அக்காவா தங்கையா என்று பேச்சைத் தொடங்கும் ஊரில், இவள் ஒருத்திதான் நாகரிகம் கற்றுவந்திருந்தாள்.

யூங் அவரைக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு ஓடிவந்தாள். ஒரு கிண்ணம் குடித்துவிட்டு அவர் திரும்பியபோதும் கதவு பூட்டியே இருந்தது. பூட்டு சிக்கிக்கொண்டதாக யூங்கைச் சொல்லவைத்தாள் தூயெட்.

"கடைக் கதவே திறக்கல. கார் கதவு திறக்குமா?" என்று கேட்டார் அவர்.

அதற்குள் கோவாத் போனில் அலறினார். "தங்கச்சி, உன் காரு பாலத்து நடுவுல நின்னுபோச்சும்மா! சார்ஜ் இல்லியாம். பின்னாடி ஹாரன் அடிச்சே கொல்றானுங்க!"

"பைக் டாக்ஸி புடிச்சு வாங்கண்ணே!"

"அது பெட்ரோல் வண்டியாச்சே?"

"சாணி வண்டின்னாலும் பரவால்ல, வாங்கண்ணே!"

மழை வலுத்தது. தெமிர்பெக்கை மறுபடியும் ஃபோ கடைக்கே துரத்தினாள். இந்த முறை அங்கே உட்கார இடமில்லை, அப்படியொரு கூட்டம். மனிதர் தார்ப்பாய் ஓரத்தில் ஒழுகலில் நின்றார்.

ஒருவழியாகக் கோவாத் சொட்டச் சொட்ட வந்து வலது காலை எடுத்து வைத்தார். தூயெட் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டாள். பிறகு வாயெல்லாம் பல்லாகக் கதவை விரியத் திறந்தாள். வாசலில் யூங் மட்டும் நின்றிருந்தாள்.

"எங்கடி அவரு?"

"பக்கத்துத் தெரு கார் கம்பெனிக்காரன் குடையோட வந்து கூட்டிட்டுப் போயிட்டான்க்கா. அங்கயே கையெழுத்துப் போடப் போறாராம்."

தூயெட் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாய் வருஷத்து ஆளைக் கொண்டுவந்தும் விளங்கவில்லையே என்று அழுகை முட்டியது. எதிரே காலிப் பானையைக் கவிழ்த்துவிட்டு, ஃபோ கடைக்காரி ஹியென் ஓடிவந்தாள்.

"அக்கா, அந்த வெளிநாட்டு ஐயா நாளைக்கும் வருவாரா? உக்காந்ததுமே போன்ல மொழிபெயர்த்து வயசு கேட்டேன். அவங்க ஊர்லயும் நம்மள மாதிரி வருஷக் கணக்குதானாம், நாய் வருஷமாம்! அவரு கையால போணி பண்ணேன் பாருங்க, பானையில ஒரு சொட்டு மிச்சமில்ல!"