போகாத செம்புக் கோப்பைகளும் பொங்கிய இஞ்சி பீரும்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருங்கள், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது. நான் வாங்கிக் குவித்த செம்புக் கோப்பைகளைப் பார்த்து, "இதை எவன் அத்தான் வாங்குவான்?" என்று சிரித்தீர்கள் அல்லவா? அத்தனையும் விற்றாயிற்று.

மாஸ்கோ மியூல் என்று ஒரு வோட்கா பானம். அதைச் செம்புக் கோப்பையில்தான் கொடுப்பார்கள். ஒருவருக்கு வோட்கா விற்றுப் போகவில்லையாம், இன்னொருவருக்கு இஞ்சி பீர் போகவில்லையாம், ஓர் அம்மாளுக்குச் செம்புக் கோப்பை போகவில்லையாம். மூவருமாகத் தேங்கிய சரக்கை ஒன்றாகக் கலந்து ஊரையே குடிக்க வைத்தார்கள் என்று கதை. உண்மையோ பொய்யோ, கேட்டதும் எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. உடனே தெருக்கோடி ஹோட்டல் பார் மேனேஜரை, அந்தப் பானத்தை ருசி பார்க்க வீட்டுக்கு அழைத்தேன். இஞ்சி பீர் எந்தக் கடையிலும் இல்லை. உங்கள் அக்காவே இஞ்சி இடித்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்க வைத்து, பாட்டில் வாயில் துணி மட்டும் கட்டி வைத்தாள். பாத்திரக்கடைக்காரன் வீட்டில் மூடாத பாட்டிலா? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சொட்டுக்கூடக் கசியாதபடி மூடி போட்டுக் கம்பியால் இறுக்கிவிட்டேன்.

மேனேஜர் வந்தார். கோப்பை நிறைய ஐஸ், அரை எலுமிச்சை, ஓர் அளவு வோட்கா. உள்ளே ஈயம் பூசிய கோப்பைதான். வெறும் செம்பில் புளிப்பு படக்கூடாது என்பது நமக்குத் தெரியாதா? அதுவரை எல்லாம் அமர்க்களம். பாட்டில் மூடியைத் தொட்டேன், அவ்வளவுதான். மூடி மின்விசிறியில், இஞ்சி மேனேஜர் சட்டையில்.

"யாருங்க இதை மூடினது?" என்றாள் உங்கள் அக்கா.

"கசியுமேன்னு..."

"கசியட்டும்னுதானே விட்டு வச்சேன்! அது மூச்சு விட வேணாமா?"

மேனேஜர் மீசையை நக்கிப் பார்த்தார். "அம்மா, நீங்க செஞ்சதா? இன்னும் இருக்கா?"

மிச்சத்தை ஊற்றினோம். இரண்டாவது கோப்பையில் சட்டையை மறந்தார். மூன்றாவதில் என்னை "அண்ணே" என்றார். போகும்போது கோப்பைகள் முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டில் எதுவும் தேங்காமல் எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. முதல் நாளே ஹோட்டல் வாடிக்கையாளர்கள் குடித்துவிட்டுக் கோப்பையையும் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். இனிக் கண்ணாடி டம்ளரே போதும் என்று மேனேஜர் மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அக்காவின் இஞ்சி பீர் மட்டும் வாராவாரம் வேண்டுமாம். அவள் முதலாளி, நான் பாட்டில் கழுவுகிறேன். இன்று காலை ஓர் அம்மாள் கடைக்கு வந்து, கைப்பையிலிருந்து நம் கடை முத்திரை போட்ட கோப்பையை எடுத்து, "இதுக்கு ஜோடி இருக்கா?" என்றார். எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஜோடியைக் கொடுத்தேன், விலையைக் கொஞ்சம் கூட்டி.