அதே ஆள்தானா?

அச்சகத்தின் சர்வர் அவளை உள்ளே விட்டது. கொண்டுபோன பக்கங்களை மட்டும் வாங்க மறுத்தது. பாடநூல் மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அச்சு இயந்திரம் வேறொருவர் வேலைக்குப் போய்விடும். பதிப்பகத்துக்காக அவள் எழுதிய, பக்கங்களை அனுப்பும் நிரல் குப்பைக்குப் போய்விடும். இத்தனைக்கும் நேற்றுவரை ஒழுங்காக ஓடியது.

"சர்வரைப் பாத்துக்கறது உன் வீட்டுக்காரர்தானே? ஒரு போன் போட்டா முடிஞ்சுது," என்றார் பதிப்பாசிரியர்.

"அவர்கூட நான் பேசறதில்ல சார்."

"எப்பலேருந்து?"

"நேத்துலேருந்து. எங்கம்மாவை பஸ் ஸ்டாண்டுல நிக்க வெச்சுட்டு மறந்துட்டாரு. கேட்டா, 'அவங்களுக்கு டாக்சி பிடிக்கத் தெரியாதா'ங்கறாரு."

சர்வரோடு இரண்டு இணைப்புகள் வேண்டும். ஒன்றில் பேச்சு: பெயர், கடவுச்சொல், உத்தரவு. மற்றதில் சரக்கு: கோப்பு. இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. சரக்கு இணைப்பின் பூட்டு போதவில்லை போலும் என்று எண்ணி, அதற்குப் புத்தம்புதிய சாவி ஒன்றை நிரலைச் செய்ய வைத்தாள். மறுப்பு. பக்கத்துக்கொரு புதுச் சாவி. அதற்கும் மறுப்பு. சளைக்காமல் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னாள். சர்வர் மிரண்டுபோய், பதிப்பகத்தையே திருடன் என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்திவிட்டது.

"முன்னாடி உள்ளேயாவது விட்டுது," என்றார் பதிப்பாசிரியர், துக்கம் விசாரிக்கும் குரலில். "இப்பவாவது கூப்பிடேம்மா."

"மாட்டேன் சார்."

தடை தானாக நீங்கக் காத்திருந்தபோதுதான் மறுப்புச் செய்தியை முழுதாகப் படித்தாள். சர்வர் கேட்டது பலமான பூட்டை அல்ல. பேச வந்தவரும் சரக்கோடு வந்தவரும் ஒரே ஆள்தானா, நடுவில் வேறு யாரும் புகுந்துவிடவில்லையே என்றுதான் கேட்டது. அதற்குச் சான்று, முதல் இணைப்பில் இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்ட ரகசியம். அதையே இரண்டாவதிலும் காட்ட வேண்டும். அவளோ புதிது புதிதாகச் சாவி செய்து, ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தியாகப் போய் நின்றிருக்கிறாள்.

பழைய ரகசியத்தை எடுத்து வைத்து மறுபடி நீட்ட இரண்டு மூன்று வரிகள் போதுமாயிருந்தன. பக்கங்கள் மடமடவென்று போயின.

"யார் கால்லயும் விழாம முடிச்சேன், பாத்தீங்களா சார்?"

போன் அடித்தது. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர்.

"எல்லாப் பக்கமும் வந்துடுச்சும்மா. உங்க வீட்டுக்காரர் மூஞ்சியத்தான் பாக்க சகிக்கல. 'எப்படியும் கூப்பிட்டுத் திட்டுவா'ன்னு காலைல சர்வர்ல இந்தப் புதுக் கட்டுப்பாட்டைப் போட்டுட்டு, சாப்பிடக்கூடப் போகாம போன் பக்கத்துலயே உக்காந்திருக்காரு."