தெருமுனையின் பழம்பெரும் நீர்நிலை

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர், தன் தொகுதி மக்கள் எதையும் தெரிந்துகொள்ளாமல் போய்விடக் கூடாது என்ற பேரக்கறையால் மாதந்தோறும் ஒரு செய்திமடல் வெளியிட்டுவந்தார். நான்கு பக்கம், வழவழப்பான தாள். முதல் பக்கத்தில் உறுப்பினர் சிரிப்பார். கடைசிப் பக்கத்தில் கையசைப்பார். நடுவில் மிஞ்சிய இரண்டு பக்கங்கள் மக்களுக்கு. ஒன்றுக்குத் தலைப்பு ‘தீர்க்கப்பட்ட பிரச்சினைகள்’. மற்றொன்றுக்கு ‘நமது பாரம்பரியம்’.

மடலை எழுதியவர் உறுப்பினரின் அலுவலகத்தில், மின்விசிறிக் காற்று எட்டாத ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கென்று பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தாலும் அலுவலகத்தில் எல்லோரும் ‘மடல்’ என்றே கூப்பிட்டார்கள். தற்காலிக வேலை. ஒவ்வொரு மடலும் அச்சாகி வந்த பிறகு, அடுத்த மாதமும் வரலாமா என்று உறுப்பினரின் பி.ஏ.விடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். பி.ஏ. நிமிர்ந்து பார்க்காமல் தலையாட்டினால் வரலாம்.

மடலின் மனைவி தெருமுனையில் தையல் கடை வைத்திருந்தாள். கை சுத்தம், சொன்ன நாளில் துணி தயார். ஆனால் கடை வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி நின்றது. அளவு கொடுக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு செருப்பைக் கையில் தூக்கி வர வேண்டும். தைத்த புதுத்துணியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைத் துவைத்துப் போட வேண்டும். வந்துகொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

“ஊருச் சேதியெல்லாம் எழுதறீங்க. என் கடை வாசல்ல நிக்கிற தண்ணி மட்டும் உங்க கண்ணுல படாதா?” என்றாள் அவள்.

“தீர்ந்த பிரச்சினையைத்தான் போட முடியும். தீராததுக்குப் பக்கமே ஒதுக்கலை.”

“அப்போ தீர்த்துட்டுப் போடுங்க.”

“தீர்க்கணும்னா உறுப்பினருக்கு விஷயம் தெரியணும்.”

“தெரியப்படுத்துங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?”

“அவர் மடலைத் தவிர வேற எதையும் படிக்க மாட்டாரே.”

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். “இந்த மாசம் மடல்ல வரலைன்னா கடையை இழுத்து மூடறேன். அப்புறம் உங்க தலைசொறியற வேலையை நம்பித்தான் ரெண்டு பேரும் சாப்பிடணும்.”

அந்த மாதம் பாரம்பரியப் பக்கமும் காலியாகக் கிடந்தது. தொகுதியில் பழமையானது என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. உறுப்பினர் பிறந்த மருத்துவமனையைப் போட்டாயிற்று. அவர் படித்த பள்ளியின் கதவைப் போட்டாயிற்று. அவர் தந்தையார் முடிவெட்டிக்கொண்ட நாற்காலியையும் போன மாதம் போட்டாயிற்று.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பிரச்சினை என்றால் தீர்ந்திருக்க வேண்டும். பாரம்பரியம் என்றால் பழசாக இருந்தால் போதும். வாசல் தண்ணீர் போதுமான அளவு பழசு. எப்படியாவது உறுப்பினர் கண்ணில் பட்டுவிட்டால் மனுஷனுக்கு உறைக்காமலா போகும்? ‘தலைமுறைகளைக் கண்ட தெருமுனை நீர்நிலை’ என்று தலைப்புக் கொடுத்து, ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

உறுப்பினர் படித்தார். கண் கலங்கினார். மடலை நேரில் கூப்பிட்டார்.

“நம்ம தொகுதியில இப்படி ஒண்ணு இருக்கா? ஏன்யா இத்தனை நாளா எங்கிட்ட யாரும் சொல்லலை?”

மடலுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. “உங்களுக்குத் தெரிஞ்சா உடனே நடவடிக்கை எடுப்பீங்கன்னு தெரியும், ஐயா.”

“எடுக்காம? இன்னைக்கே சுத்தி வேலி போடச் சொல்லு.”

“ஐயா, சாக்கடை அடைப்பை எடுத்துட்டா...”

“எடுத்துட்டா தண்ணி போயிடும்,” என்றார் பி.ஏ. பொறுமையாக. “தண்ணி போச்சுன்னா பாரம்பரியம் போச்சு. நீங்க எழுதினதுதானே? நீங்களே படிக்கலையா?”

வேலி வந்தது. பாரம்பரியத் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து, தண்ணீரைக் குச்சியால் கலக்கி முகர்ந்து பார்த்து, பழமை உறுதி என்று சான்றளித்தார். தண்ணீருக்குள் கல் எறியக் கூடாது, காலை வைக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அமைச்சரே நேரில் வந்து பெயர்ப்பலகையைத் திறந்துவைப்பார் என்றும் செய்தி வந்தது.

அதுவரை அந்தத் தண்ணீரைத் திட்டித் தீர்த்த தெருவுக்குத் திடீரென்று நடையே மாறிவிட்டது. கறிக்கடைக்காரர் வெளியூர்ச் சம்பந்தியை வரவழைத்தார். பால்காரர், தன் தாத்தா இந்த நீர்நிலையில்தான் வழுக்கி விழுந்தார் என்று பெருமையடித்துக்கொண்டார். அமைச்சர் வருகிற நாளுக்கு எல்லோருக்கும் புதுத்துணி வேண்டியிருந்தது. வேலியைச் சுற்றி, பலகை மேல் நடந்து, தையல் கடைக்குக் கூட்டம் வந்தது. மடலின் மனைவி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தைத்தாள். கணவனிடம் மட்டும் பேசவில்லை.

விழா நாளும் வந்தது. பெயர்ப்பலகையை நட ஆட்கள் கடப்பாறையால் குழி தோண்டினார்கள். கடப்பாறை எங்கேயோ போய் இடித்தது. உள்ளே ‘களக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தலைமுறைகளைக் கண்ட நீர்நிலை, எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, சாக்கடைக்குள் இறங்கிப் போய்விட்டது. வெறும் சேறும் ஒற்றைச் செருப்பும் மிஞ்சின.

மடலின் மனைவி கடைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். மூக்குத் துணியை அவிழ்த்து மூச்சை இழுத்து விட்டுச் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை மடல் பார்த்தார். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பி.ஏ. வந்து சேர்ந்தார். “அமைச்சர் கிளம்பிட்டார். தண்ணி எங்கேய்யா?”

“போயிடுச்சுங்க.”

“போயிடுச்சா? இல்லாத ஒண்ணை மடல்ல எழுதினது யாரு? நீதானே? அமைச்சர் இந்தக் குழியைப் பார்த்தார்னா, நாளையிலிருந்து நீ அலுவலகப் பக்கமே வர வேண்டாம்.”

மடலின் முகம் பேயறைந்தாற்போல் ஆயிற்று. மனைவி அவரைப் பார்த்தாள். தன் வாசலைப் பார்த்தாள். அது அவ்வளவு அழகாக, அவ்வளவு காலியாகக் கிடந்தது. பிறகு உள்ளே போய், வெட்டுத்துணி அடைத்துவைத்திருந்த மூட்டையை இழுத்துவந்தாள். சாக்கடை வாயில் மண்டியிட்டு, துண்டு துண்டாக, கை நிறைய, இடைவெளி இல்லாமல் திணித்தாள். அவள் எந்த வேலை செய்தாலும் அதில் பிசிறு இருக்காது.

“இப்போ தண்ணிக்கு எங்கே போறது?” என்றார் பி.ஏ.

“புதுத்துணி போட்டுக்கிட்டு சம்பந்திக்கு வெறும் குழியைக் காட்டுறதா? எங்க தெரு மானம் என்ன ஆகிறது?” என்று கறிக்கடைக்காரர் கொதித்தார். வீட்டுக்குள் ஓடினார். குழாயடியில் அடித்துப்பிடித்து வாங்கிவைத்திருந்த குடிதண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து கவிழ்த்தார். பால்காரர் இரண்டு குடம் கொண்டுவந்தார். அப்புறம் தெருவே வரிசையில் நின்றது. குடிக்க ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் ஊற்றினார்கள்.

“ரொம்பத் தெளிவா இருக்கே,” என்று ஆய்வாளர் கவலைப்பட்டார். யாரோ ஒரு வாளிச் சேற்றைக் கரைத்துவிட்டு அந்தக் குறையையும் போக்கினார்கள்.

அமைச்சர் வந்தார். முகர்ந்தார். வியந்தார். உறுப்பினர் பக்கத்தில் நின்று சிரித்தார்.

அடுத்த மாத மடலில் மனைவியின் படமே வந்துவிட்டது. முழங்கை வரை சேறு, பக்கத்தில் சிரிக்கும் உறுப்பினர். ‘தீர்க்கப்பட்ட பிரச்சினைகள்’ பக்கத்தில், முதல் செய்தி: ‘தெருமுனையில் தண்ணீர் தேங்காத பிரச்சினை, மக்கள் பங்களிப்புடன் உடனடியாகத் தீர்க்கப்பட்டது.’

மடல் அதைக் கடைக்குக் கொண்டுபோய்த் தயங்கித் தயங்கி நீட்டினார். தண்ணீர் பழைய வாசனைக்குத் திரும்பியிருந்தது. புதுத்துணிக் கூட்டம் போய், கடை காலியாகக் கிடந்தது.

“எனக்காக உன் கடையைக் கெடுத்துக்கிட்டே,” என்றார். “எப்படியாவது அவர்கிட்ட மறுபடியும் சொல்லி...”

அவள் அந்தப் பக்கத்தைப் படித்தாள். தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எதைச் சொல்லப் போறீங்க? தீர்ந்துடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.”

கடையைப் பூட்டினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேலியைத் தாண்டித் தண்ணீரில் இறங்கினாள்.

“ஏய் அக்கா!” என்று எதிர்வீட்டு வாசலிலிருந்து பால்காரர் கத்தினார். “பாரம்பரியத்துல காலை வைக்காதே!”