எதிர்க்கடை ஃபிரிட்ஜிலிருந்து ஆறு பாட்டில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம், உன் வீட்டிலும் அப்படியே என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் உள்ள விற்பனைப் பத்திரத்தில் மூன்று இடங்களில் கையெழுத்திட்டு, கிடைத்த அன்றே திருப்பி அனுப்பு. அப்பா நம் இருவர் பெயரிலும் எழுதிவைத்த சோடா ஃபாக்டரியைப் பெரிய கம்பெனி வாங்கப்போகிறது. கடைகளுக்கெல்லாம் இலவசமாக ஃபிரிட்ஜ் கொடுத்து, நம் பாட்டிலை அதில் வைக்கவே கூடாது என்று சொல்லி நம் வியாபாரத்தைப் படுக்கவைத்ததே, அதே கம்பெனிதான்.

நேற்று அவர்களுடைய மேலாளர் நம் எலுமிச்சைப் பானத்தை ருசி பார்க்க வந்தார். கார் வாசலில் நின்றதும் பானத்தில் கேஸ் ஏற்றும் நம் மெஷினும் நின்றது. உன் அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் பத்தே நிமிடத்தில் நம் மேஸ்திரி ஆறு பாட்டிலோடு வந்துவிட்டார்; நம் லேபிள், நல்ல கேஸ். மேலாளர் ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடினார். "பத்து வருஷமா நாங்க தேடுற ருசி இதுதாங்க. எங்க சரக்கு இதுக்குப் பக்கத்துலகூட நிக்காது" என்றார். நானும் குடித்தேன். வேதியியல் படித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாக இங்கே தினமும் ருசி பார்ப்பவள் நான். அது அவர்கள் பானம். மேஸ்திரியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"எதிர்க்கடையில வாங்கி நம்ம பாட்டில்ல ஊத்தினேம்மா. கேஸ் இல்லாம குடுத்தா சர்க்கரைத் தண்ணின்னுட்டுப் போயிடுவாங்க."

"அதுக்காக அவங்க சரக்கை அவங்களுக்கேவா?"

"அந்த ஃபிரிட்ஜ்ல வேற யாரோடதும்மா இருக்கும்?"

அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். நான் வருவதற்குள் மேலாளர் விலையை இரட்டிப்பாக்கி, நம் தொழிலாளர் பதினெட்டுப் பேரின் வேலைக்கும் எழுத்தில் உறுதி தந்திருந்தார். உண்மை தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நியாயமா என்று கேட்காதே, பதினெட்டுக் குடும்பம். மீதி இரண்டு பாட்டில் அவர்கள் சோதனைச்சாலைக்குப் போயிருக்கிறது. முடிவு வருமுன் உன் கையெழுத்து வரவேண்டும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு அன்பு. அத்தான் சந்தோஷத்தில் பேச முடியாமல் இருக்கிறார். அவர் சார்பிலும் நானே விசாரிக்கிறேன்.

அக்கா

பின்குறிப்பு: பத்திரத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுமுன்பே சோதனை அறிக்கை வந்துவிட்டது. சர்க்கரை அதிகமாம், பழச்சாறு துளியும் இல்லையாம், தங்கள் கம்பெனியின் உயர்ந்த தரத்துக்கு எவ்விதத்திலும் ஒவ்வாத பானமாம், ஆகவே ஃபாக்டரியை வாங்குவதற்கில்லையாம். மேஸ்திரி அந்த அறிக்கையைக் கொண்டுபோய் எதிர்க்கடை ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டிவிட்டார். அந்த ஆறு பாட்டிலையும் விற்றவர் கடைக்காரர்தானே, அறிக்கை திட்டுவது யாருடைய சரக்கை என்று அவருக்குத் தெரியும். நாளை முதல் மேல் இரண்டு தட்டும் நமக்காம். மெஷினைப் பழுது பார்க்க ஆள் வந்தாயிற்று.