இடது கால் ஆல்பம்

ஆம்பூரிலிருந்து அரக்கோணம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், ஜோடி அண்ணன் அளவுக்கு ஒரு மனிதனைக் களைப்படைய வைக்கிற ஆள் கிடைக்க மாட்டார். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படுவதற்கான தெம்பெல்லாம் எனக்குக் கல்யாணமான முதல் வருஷத்திலேயே தீர்ந்துவிட்டது.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஷூ கம்பெனியில் இடது காலுக்கு வெட்டிய தோலோடு நிறமும் வரியும் ஒத்துப்போகிற வலது கால் தோலைத் தேடி ஜோடி சேர்ப்பது அவர் வேலை. பாதி ஆயுசை அதில் கழித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை பிடித்து, ஆட்டுத்தோலில் கல்யாண ஆல்பம் தைக்க ஆரம்பித்தார். வேலையை விட்டாரே தவிர ஜோடியை விடவில்லை. எது ஒற்றையாக இருந்தாலும் அவருக்கு உடம்புக்கு ஆகாது. டீக்கடையில் தனியாக உட்கார்ந்தாலும் ரெண்டு டீ சொல்வார். ஒன்றைக் குடித்துவிட்டு, இன்னொன்றைக் குடிக்க யாராவது சிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அந்த வழியாகப் போன பாவத்துக்கு நான் குடித்த ஆறின டீ கொஞ்சநஞ்சமில்லை.

அவர் வீட்டு அண்ணி ஒருநாள் அழாத குறையாகச் சொன்னார்.

“ஒரு குக்கர் வாங்கினு வாய்யான்னா ரெண்டு குக்கரு. சரி, போவட்டும். எனக்குப் பல்லுவலின்னு டாக்டராண்ட கூட்டினு போனாரு. இந்தப் பக்கம் புடுங்கினா அந்தப் பக்கமும் புடுங்கிடுங்கன்றாரு. பேஜாரா கீதுப்பா.”

இப்பேர்ப்பட்டவரிடம் என் கல்யாணப் படங்களை ஒப்படைத்தவர் அப்பா. அதே கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த பாசம்.

என் மனைவி எஸ்தர் அரக்கோணத்துப் பெண். வேலூரில் நர்ஸ். கல்யாணம் அவர்கள் ஊர் சர்ச்சில் நடந்தது. எங்கள் சனம் வேன் வைத்துக்கொண்டு போய் இறங்கியது. பந்தியில் பிரியாணி வந்தது, வெங்காயப் பச்சடி வந்தது, கத்திரிக்காய் மட்டும் வரவில்லை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் வைக்காதது ஆம்பூர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்பதை வெளியூர் வாசகர்களுக்கு விளக்க இப்போது என்னால் முடியாது. அம்மா பாதியில் இலையை மூடினார். வேனில் ஏறும்போது, சம்மந்தியம்மாள் காதில் விழும்படியாக, “இவங்க வாசப்படிய இனி நான் மிதிக்க மாட்டேன்” என்றார். அம்மா கணக்கு டீச்சராக இருந்தவர். சொன்னால் சொன்னதுதான்.

இந்த லட்சணத்தில் ஆல்பம் வந்தது. ஒன்றல்ல, ரெண்டு. ஒரே ஆட்டுத்தோலை நடுமுதுகில் வகுந்து, மெழுகு நூலில் கையால் தைத்தவை. இடது அரக்கோணத்துக்காம், வலது எங்களுக்காம். எங்களுடையது உருதுப் புத்தகம் மாதிரி மறுபக்கத்திலிருந்து திறந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். புரட்டப் புரட்ட அம்மாவின் முகம் சிவந்தது. என்னைத் தவிர எங்கள் வீட்டு ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. எல்லாம் அரக்கோணம். எஸ்தரின் பெரியப்பா, அவருடைய ரயில்வே சினேகிதர்கள், நாற்காலியில் தூங்குகிற யார் வீட்டுக் குழந்தையோ ஒன்று.

கடைக்கு ஓடினேன்.

“அண்ணே, எங்காளுங்க எங்க?”

“இடதுல கீறாங்க.”

“எங்க ஆல்பத்துல எங்காளுங்க இருக்க வேணாமா?”

“உங்க சித்தப்பன டெய்லி பாக்குற. அவன இன்னாத்துக்கு ஆல்பத்துல வேற பாக்கணும்? அவங்க ஆளுங்களப் பாத்துப் பழகு. உங்காளுங்களப் பாக்கணும்னா அங்க போ. அவங்களுக்குப் பாக்கணும்னா இங்க வருவாங்க. ஒத்தக் கால்ல எவ்ளோ தூரம் நடப்ப?”

கடையில் உட்கார்ந்திருந்த வாணியம்பாடி பாய் ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “என் பொண்ணு கல்யாண ஆல்பத்துல நானே இல்ல தம்பி. என்னைப் பாக்க நானே சம்மந்தி வீட்டுக்குப் போவேன்” என்றார்.

அந்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். அரக்கோணத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள், அழுதார்கள். அம்மா அவர்களிடம் வாய் திறக்கவில்லை. சட்டம் போட்டு மாட்ட அப்பாவின் படம் தேடினால், வாக்காளர் அட்டையைத் தவிர ஒன்றும் தேறவில்லை. கல்யாணத்தில் படம் எடுத்தவரின் கம்ப்யூட்டர் கெட்டு எல்லாம் அழிந்திருந்தது. அப்பா சிரிக்கிற படங்கள் இருந்தது அந்த இடது ஆல்பத்தில் மட்டும்தான். கொண்டுவந்து காட்டுகிறோம் என்று சம்மந்தி வீட்டில் சொன்னார்கள். அம்மா வேண்டாம் என்றார். மச்சான் போனில் படம் பிடித்து அனுப்பினான். பளபளப்புத் தாளில் அப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் டியூப்லைட் எரிந்தது. வேறு வழியில்லாமல் அட்டைப் படத்தையே பெரிதாக்கி மாட்டினோம்.

“இது அவரு இல்லடா. யாரோ ஓட்டுப் போட வந்த ஆளு” என்றார் அம்மா. பிறகு ஒருநாள் அடுப்படியில் நின்றபடியே, “சிரிச்சா எப்டி இருப்பாருன்னு நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது” என்றார். எனக்கு அது தாங்கவில்லை.

மறுபடியும் கடை. அரக்கோணத்து ஆல்பத்திலிருந்து அப்பா இருக்கிற பக்கத்தை மட்டும் உருவி எங்களுடையதில் வைத்துத் தைத்துத் தரும்படி கெஞ்சினேன்.

“ஒரு பக்கம் உருவினா மொத்தத் தையலும் தளந்துடும். இந்தக் கால் ஷூவக் கிழிச்சு அந்தக் கால்ல ஒட்டுவியா நீ?”

“அப்ப எங்கம்மா இன்னா பண்ணுவாங்க?”

“ஏன், ட்ரெயினு ஓடலியா?”

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே தன் டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் இன்னொன்றை என் பக்கம் நகர்த்தினார். அதைக் குடித்துத் தொலைத்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஜோடி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்றார்.

“அக்கா, அரக்கோணம் வரிக்கும் போறேன். அந்த ஆல்பத்துக்கு மெழுகு போடணும். தனியாப் போனா எனக்கு ஆவாது. நீங்க வந்தா ஜோடியாப் போய்ட்டு வந்துடலாம்.”

அம்மா சுவரில் மாட்டியிருந்த அட்டைப் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். நானும் வருகிறேன் என்றேன். மூன்று பேர் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. எஸ்தருக்கு அன்று லீவு என்பதால் அவளையும் சேர்த்து நாலாக்கி, நிம்மதியாக ரயில் ஏறினார்.

அரக்கோணத்தில் அம்மா வாசற்படியில் ஒரு நொடி நின்றார். சம்மந்தியம்மாள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஆல்பத்தை அம்மாவின் மடியில் வைத்தார். முதல் பக்கத்திலிருந்தே எங்கள் சனம். ஏழெட்டுப் பக்கம் தள்ளி அப்பா, பந்தியில். மாமனார் தன் கையாலேயே பிரியாணியை அள்ளி வைக்கிறார். அப்பா போதும் என்று கையை மறிக்கவும் இல்லை. வாய் நிறையச் சோறு, அப்படி ஒரு சிரிப்பு.

அம்மா அவர் முகத்தை விரலால் தடவினார்.

“எவ்ளோ ஆசயா சாப்ட்டிருக்காரு பாரேன். நான்தான் பாக்கல” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். அப்பா இறந்தபோதுகூட அம்மா அப்படி அழவில்லை. சம்மந்தியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதார். ஜோடி அண்ணன் மட்டும், தோலில் தண்ணீர் பட்டால் கறையாகிவிடும் என்று ஆல்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு வேலை ஜாஸ்தி. அம்மா நினைத்தால் அரக்கோணத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் நினைத்தால் இங்கே வந்துவிடுகிறார்கள், ஸ்டேஷனுக்கு நான்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. எல்லாம் அந்த மனுஷனால் வந்த வினை.

போன வாரம் அவர் கடை பூட்டிக் கிடந்தது. காய்ச்சல் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து, “இன்னாபா, ஏதாவது தகராறா?” என்றார். ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்று சொல்லி, அவர் தூங்குகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.